வீட்டிலிருந்து வேலை என்று வந்த விளம்பரம்: ஹட்டன் விண்ணப்பதாரி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நடந்தது. ஹட்டனை அண்டிய தோட்டம் ஒன்றில் வசிக்கும், மென்பொருள் உருவாக்குநராக வேலை தேடிய ஒரு பெண்ணைப் பற்றியது இது. ஹட்டன் நகரில் உள்ள கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் தொழில் வழிகாட்டலைக் கவனிப்பவள் என்ற முறையில் தொடக்கம் முதல் முடிவு வரை நான் அவருக்குத் துணையாக இருந்தேன். இதை எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். அவரையோ ஆட்சேர்ப்பு முகவரையோ நிறுவனத்தையோ இனங்காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். சம்பளக் கணக்கை மட்டும் எழுத்தில் வந்தபடியே தந்திருக்கிறேன், ஏனெனில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பாடம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். அக்காலத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு, 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாயே கிடைத்துக்கொண்டிருந்தது. மகள் தமிழ் மொழிமூலம் உயர்தரம் கற்று, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டபின், கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை, அதாவது எல்லோரும் பி.ஐ.டி. என்று அழைக்கும் பட்டத்தை, வேலை செய்துகொண்டே முடித்தவர். இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் ஹட்டன் நகரத்துச் சிறு நிலையமொன்றில் மாதம் 45,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்தார். இணையச் செயலிகளைக் கட்டப் பயன்படும் ரியாக்ட், நோட் ஆகிய இரண்டு மென்பொருள் கருவிகளிலும் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அவர் வைத்திருந்த வேலைகள் எங்கள் நிலையத்தில் அடுத்த தொகுதி மாணவர்களுக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவை.

அன்றைய சூழலையும் சொல்ல வேண்டும். இலங்கையின் மென்பொருள் வேலைகள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குவிந்திருக்கின்றன. பேராதனையிலிருந்தும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளியேறினாலும், அவர்கள் மலையிலேயே இருந்து இந்தத் தொழிலைச் செய்வதற்கான இடங்கள் மிகக் குறைவு. 2020 இன் பெருந்தொற்றும் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் நிறுவனங்களை வீட்டிலிருந்து வேலை செய்யும் முறைக்குத் தள்ளியபோது, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்த இளைஞர்களுக்கு முதன்முறையாக ஒரு வழி திறந்தது போலிருந்தது. பின்னர் அதே நிறுவனங்களில் பல தம் ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைக்கத் தொடங்கின. விளம்பரங்களில் மட்டும் வீட்டிலிருந்து வேலை என்ற வாக்குறுதி அப்படியே நின்றது.

விளம்பரம்

அந்த விளம்பரம் லிங்க்ட்இன்னில் வெளியாகி, பின்னர் எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். ஒரு முன்னணி பன்னாட்டு நிறுவனத்துக்கு ஃபுல் ஸ்டேக் உருவாக்குநர், அதாவது செயலியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கட்டக்கூடியவர், தேவை, ஓரிரு ஆண்டு அனுபவம் போதும், ஆங்கிலப் புலமை வேண்டும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், வேலை நேரம் நெகிழ்வானது, மொத்தச் சம்பளப் பொதி 120,000 ரூபாய் வரை, உடனடியாகச் சேரக்கூடியவர்கள் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. நிறுவனத்தின் பெயரும் முடிவுத் திகதியும் இல்லை. தொடர்புக்குக் கொழும்பிலுள்ள ஆட்சேர்ப்பு முகவர் நிலையம் ஒன்றின் மின்னஞ்சல் முகவரி தரப்பட்டிருந்தது.

மாதம் 45,000 ரூபாய் பெறும் ஒருவரின் கண்ணில் 120,000 என்ற எண் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதைவிடவும் அவரைக் கவர்ந்தது வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற வரி. தந்தையாருக்கு உடல்நலம் சரியில்லாத காலம் அது, தம்பியும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அன்றிரவே சுயவிவரத்தை அனுப்பிவிட்டார்.

கவனித்தவை

முகவர் நிலையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். தமிழிலேயே பேசினார், மரியாதையாகவும் பேசினார். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டார்: இப்போது எவ்வளவு சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். இவர் இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னார். 120,000 என்று விளம்பரத்தில் இருந்ததால் அதையே எதிர்பார்ப்பதாகச் சொன்னபோது, “அது வரை என்றுதானே போட்டிருக்கு, இன்டர்வியூவில பேசிக்கலாம்” என்று பதில் வந்தது.

அடுத்து, வீட்டிலிருந்து செய்து அனுப்பும் தேர்வு ஒன்று வந்தது. மருத்துவ நிலையத்துக்கான முன்பதிவு முறைமை ஒன்றை மூன்று நாட்களுக்குள் கட்டி, இயங்கும் நிலையில் அனுப்ப வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பில், வீட்டு ஜன்னலோரம் வைத்தால் மட்டும் சிக்னல் பிடிக்கும் ரவுட்டரை நம்பி, வார இறுதி முழுவதும் விழித்திருந்து முடித்தார். குறித்த நேரத்துக்கு முன்பே அனுப்பினார். அதன்பின் நீண்ட மௌனம். தேர்வைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லப்படவில்லை. இடையில், அவர் ஒருபோதும் விண்ணப்பிக்காத வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய சுயவிவரம் அவரைக் கேட்காமலே கைமாறியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தாலும், தரவைக் கையாள்வோருக்குக் கடமைகளை விதிக்கும் அதன் பகுதிகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

பின்னர் ஒரு நாள், வரும் செவ்வாய்க்கிழமை காலை கொழும்பில் நேர்முகத் தேர்வு என்று குறுஞ்செய்தி வந்தது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு ஏன் கொழும்புக்கு வரவேண்டும் என்ற கேள்வி அவருக்கு உடனே எழுந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். காலை நேர்முகத்துக்குப் போவதென்றால் இரவுத் தபால் ரயிலில் புறப்பட வேண்டும், அதற்கு ஸ்டேஷன் வரை யாராவது கூட வரவேண்டும், இருக்கும் வேலையில் லீவு எடுக்க வேண்டும். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ இருக்கும் விண்ணப்பதாரிக்கு அதே நேர்முகம் ஒரு முற்பகல் அலுவல். விளம்பரத்தில் சொல்லாமல் விட்ட விவரத்தைத் தேடி அறியும் செலவு எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. தூரத்தில் இருப்பவர்தான் அதில் பெரும்பகுதியைச் சுமக்கிறார். இந்த நிகழ்வு முழுவதிலும் நான் கண்ட அடிப்படை அநீதி இதுவே.

அன்றுதான் அவர் நிலையத்துக்கு வந்து, “மிஸ், போறதா வேண்டாமா?” என்று கேட்டார்.

எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும்

எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. எதுவும் கேட்காமல் போய்விட்டு வருவது, வேண்டாமென்று விலகிவிடுவது, போவதற்கு முன் எழுத்தில் விவரம் கேட்பது. மூன்றாவதைத் தேர்ந்தோம். அந்தக் கடிதம் நிலையத்தின் பெயரில் போகாமல் அவருடைய பெயரிலேயே, அவருடைய மின்னஞ்சலிலிருந்தே போக வேண்டும் என்றும் தீர்மானித்தோம். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதினால் அது முறைப்பாடாகத் தோன்றும். விண்ணப்பதாரி தானே கேட்டால் அது ஒரு தொழில்முறை உரையாடலாக இருக்கும். தவிர, நாளை சம்பள உயர்வைப் பற்றிப் பேசப்போகிறவரும் அவர்தான், நான் அல்ல.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. “கேள்வி கேட்டா வேலை குடுப்பாங்களா, புள்ள?” என்று தந்தையார் கவலைப்பட்டார். அந்தக் கவலையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்வி கேட்டவர் வேலை இழந்த கதைகளைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர் அவர். நேர்முகத்துக்கு முன் விவரம் கேட்பது இந்தத் துறையில் சாதாரணமான செயல் என்பதையும், கேட்டதற்காக விலக்கிவிடும் இடத்தில் சேர்ந்த பின் எதையும் கேட்க முடியாது என்பதையும் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. நேர்முகத்துக்கு வர ஆர்வமாக இருப்பதாகத் தொடங்கி, பயணத்தைத் திட்டமிடுவதற்காகப் பின்வருவனவற்றை அறிய விரும்புவதாகக் கேட்டது: நிறுவனத்தின் பெயர், வேலை செய்யும் இடம், வேலை நேரம், 120,000 ரூபாயின் உட்பிரிவு, குழு அன்றாடம் பேசும் மொழி, இத்தனை காலம் விலகக்கூடாது என்று கட்டுப்படுத்தும் பொண்ட் ஏதும் உண்டா, சுயவிவரம் வேறு யாருக்கேனும் கொடுக்கப்பட்டதா. முகவர் முதலில் தொலைபேசியில் பதில் சொல்ல முயன்றார். எழுத்தில் தந்தால் வீட்டில் காட்டிப் பேச உதவியாக இருக்கும் என்று இவர் பணிவாகச் சொன்னார். சில நாட்களில் மின்னஞ்சல் வந்தது.

பதில்களில் வெளிப்பட்டவை

முதல் ஆறு மாதம், அதாவது தகுதிகாண் காலம் முழுவதும், கொழும்பு அலுவலகத்தில் வேலை. அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு. வீட்டிலிருந்து செய்யும் நாட்களுக்குக் கேபிள் வழி நிலையான இணைய இணைப்பு கட்டாயம், கைத்தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் ரவுட்டர் ஏற்றுக்கொள்ளப்படாது. அவர் வசிக்கும் தோட்டப் பிரிவுக்கு அப்படியொரு இணைப்பு வந்திருக்கவில்லை. ஆகவே விளம்பரத்தில் அவரை முதலில் இழுத்த வரி, அவரைப் பொறுத்தவரை ஆறு மாதத்துக்கு முன்னும் செல்லாது, பின்னும் செல்லாது.

வேலை நேரம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரை. வாடிக்கையாளர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. ஆகவே அந்த நேர அமைப்புக்கு நியாயமான தேவை இருந்தது. அதை விளம்பரத்தில் நெகிழ்வான நேரம் என்று எழுதியதற்குத்தான் நியாயம் இல்லை. கொழும்பில் பெண்கள் தங்கும் போர்டிங்குகளில் பல இரவு 9 மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிடும். அலுவலகம் முடிந்து திரும்ப வாகன ஏற்பாடு உண்டா என்ற விவரம் பதிலில் இல்லை.

சம்பளத்தின் உட்பிரிவு இப்படி இருந்தது. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். பயணத்துக்கும் டேட்டாவுக்குமான கொடுப்பனவு 11,000. செயற்திறன் கொடுப்பனவு 40,000, அதுவும் நிரந்தரமாக்கப்பட்ட பின்னர், மதிப்பீட்டைப் பொறுத்து. எஞ்சிய 9,000 ரூபாய், தொழில்தருநர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதிப் பங்கான 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும். தொழில்தருநரின் பங்கு சட்டப்படி அவர் கட்டியாக வேண்டிய தொகை, அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. இங்கே கழிக்கப்படவில்லை. ஆனால் ஊழியருக்குக் கிடைக்கப்போகும் பணம் போலத் தோன்றும்படி மொத்தத்தில் கூட்டப்பட்டிருந்தது.

மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தகுதிகாண் காலத்தில் அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஊழியரின் பங்கான 8 சதவீதம், அதாவது 4,800 ரூபாய், கழியும். மீதி 55,200. கொடுப்பனவு 11,000 சேர்த்தால் கையில் வருவது 66,200 ரூபாய். அப்போதைய வருமான வரி வரம்பு மாதம் 100,000 ரூபாய் என்பதால் வரி இல்லை. கொழும்பில் பகிர்ந்து தங்கும் அறைக்கு 18,000, சாப்பாட்டுக்கு 24,000, நகரப் பஸ்ஸுக்கும் மாதமொரு முறை வீட்டுக்கு வந்துபோகவும் 8,000 என்று, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் எங்கள் பழைய மாணவிகளைக் கேட்டுப் போட்ட மதிப்பீட்டின்படி, மாத முடிவில் மிஞ்சுவது 16,200 ரூபாய். வீட்டிலிருந்து ஹட்டன் நகருக்குப் போய்வந்து பெறும் 45,000 ரூபாயுடன் இதை ஒப்பிட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. கொழும்பில் பெறும் அனுபவத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதையும், அது இந்தக் கணக்கில் வராது என்பதையும் நானே அவருக்குச் சொன்னேன். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் முக்கியம்.

பொண்ட் இரண்டு ஆண்டு. இடையில் விலகினால் பயிற்சிச் செலவாக 300,000 ரூபாய் திருப்பிச் செலுத்த வேண்டும். என்ன பயிற்சி, யார் தருவது, அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நிறுவனத்தின் பெயர் நேர்முகத்தின்போது சொல்லப்படும் என்றிருந்தது. மொழியைப் பற்றிய கேள்விக்கும் சுயவிவரம் கைமாறியதைப் பற்றிய கேள்விக்கும் பதிலே இல்லை.

முகவரின் நிலை

மின்னஞ்சலுக்குப் பின் அவர் முகவருடன் மீண்டும் பேசினார். அந்த உரையாடலில் முகவர் ஒளிவுமறைவின்றிச் சொன்ன சில விடயங்களை இங்கே பதிவு செய்வது அவசியம். “கிளையன்ட் எனக்குத் தந்ததே நாலு வரிதான், தங்கச்சி. நீங்க கேட்ட பிறகுதான் நானும் அவங்ககிட்டக் கேட்டேன்” என்றார். பெயரை மறைப்பதற்குக் காரணம், விண்ணப்பதாரிகள் நேரடியாக நிறுவனத்துக்கே போய்விட்டால் முகவருக்குரிய தரகுத் தொகை கிடைக்காது என்பதுதான். சம்பளத்தை வெளிப்படையாகப் போடாததற்கு நிறுவனத்தின் காரணம் வேறு. 2022 இல் ரூபாயின் மதிப்பு விழுந்தபோது சிலருடைய சம்பளம் டொலரோடு இணைக்கப்பட்டு உயர்ந்தது, சிலருடையது அப்படியே நின்றது. புதியவருக்குக் கொடுக்கும் தொகை வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள்.

இந்தக் காரணங்கள் எனக்கு விளங்குகின்றன. பெயரைக் கடைசிவரை மறைப்பதை ஒரு முகவரின் பிழைப்போடு சேர்த்துப் பார்க்க நான் தயார். ஆனால் வேலை நேரத்தையும் இடத்தையும் மறைப்பதால் எந்தத் தரகுத் தொகையும் காப்பாற்றப்படுவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமில்லாமல் கொடுக்கப்படும் சம்பளத்தை மறைக்கும் சுமையை வெளியிலிருந்து வரும் விண்ணப்பதாரி சுமக்க வேண்டியதும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அப்போது தேடிப் பார்த்தோம். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஒருவரை வேலைக்கு அமர்த்தும்போது வேலையின் நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கத் தொழில்தருநரைக் கடமைப்படுத்துகிறது. அந்தக் கடமை பிறப்பது நியமன நாளில். அதற்கு முந்திய கட்டமான விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிட வேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. ஒஸ்ரியாவில் 2011 முதல் விளம்பரத்தில் குறைந்தபட்சச் சம்பளம் சொல்லப்பட வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், நியூயோர்க் நகரில் 2022 நவம்பர் முதலும், கலிபோர்னியாவில் 2023 முதலும் சம்பள வீச்சைக் குறிப்பிடுவது கட்டாயமாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டுச் சம்பள வெளிப்படைத்தன்மைப் பணிப்புரை, நேர்முகத்துக்கு முன்பே தொடக்கச் சம்பளத்தை அறியும் உரிமையை விண்ணப்பதாரிக்குத் தருவதோடு, முந்தைய சம்பளத்தைக் கேட்பதையும் தடை செய்கிறது. அதை உறுப்பு நாடுகள் தமது சட்டமாக்குவதற்கான இறுதி நாள் 2026 ஜூன் 7. அமெரிக்க வாடிக்கையாளருக்காகக் கொழும்பில் செய்யப்படும் வேலையின் விளம்பரத்துக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ஹட்டனில் இருப்பவருக்கு இப்போதைக்குள்ள பாதுகாப்பு, அவர் கேட்கும் கேள்வியும் அதை எழுத்தில் கேட்கும் பழக்கமும்தான்.

தொடர்ந்து நடந்தவை

அவர் உடனே மறுத்துவிடவில்லை. முதலில் காணொளி வழியாக நேர்முகத்தை நடத்த முடியுமா என்றும், அடிப்படைச் சம்பளத்தை 85,000 ஆக்க முடியுமா என்றும், பொண்ட் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டு வரும்படி அமைக்க முடியுமா என்றும் எழுதினார். எண்ணை நாமே முன்வைப்பது நல்லது என்று நினைத்தோம். இல்லையேல் 45,000 என்ற பழைய எண்தான் பேச்சின் தொடக்கப் புள்ளியாக இருந்திருக்கும்.

நிறுவனம் காணொளி நேர்முகத்துக்குச் சம்மதித்தது. அதில்தான் மொழி விவகாரம் வெளிப்பட்டது. தொழில்நுட்பத் தலைவர் முதல் வணக்கத்திலிருந்தே சிங்களத்தில் பேசினார். நாளாந்தக் குழுக் கூட்டம் சிங்களத்தில்தான் நடக்கும், ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்று கேட்டபின் விளக்கினார். இவருக்குக் கடைவீதியில் பேசும் சிங்களம் நன்றாக வரும், ஆனால் ஒரு முறைமையின் கட்டமைப்பைப் பற்றி அந்த மொழியில் விவாதிக்கும் பழக்கம் இல்லை. அதை மறைக்காமல் சொன்னார். அது தடையாகாது என்று அவர்களும் கண்ணியமாகவே சொன்னார்கள். விளம்பரத்தில் ஆங்கிலப் புலமை மட்டும் கேட்கப்பட்டிருந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். குழு சிங்களத்தில் வேலை செய்வதில் குறை ஏதுமில்லை. முன்பே சொல்லியிருந்தால், வருகிறவர் ஒன்றிரண்டு மாதம் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருப்பார்.

தேர்வில் அவர் தேறியிருந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இறுதியாக வந்த திருத்தம்: அடிப்படைச் சம்பளம் 68,000, பொண்ட் ஓராண்டு, அலுவலக நிபந்தனையில் மாற்றமில்லை. அவர் குடும்பத்தோடு பேசி, நன்றி கூறி, எழுத்தில் மறுத்தார். தன்னுடைய சுயவிவரத்தை இனித் தன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்ற வேண்டுகோளையும் அந்தக் கடிதத்தில் சேர்த்தார்.

அதன்பின் நடந்ததை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அதே வேலையைப் பற்றி, இப்போது எங்களுக்குத் தெரிந்த எல்லா விவரங்களுடனும், தலவாக்கலைப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் சொன்னோம். அவருடைய அக்கா கொழும்பில் குடும்பமாக இருக்கிறார், தங்குமிடச் செலவு இல்லை. சிங்களப் பாடசாலையில் சில ஆண்டுகள் படித்தவர், இரவு வேலையும் அவருக்குப் பொருட்டல்ல. எல்லாம் தெரிந்தே விண்ணப்பித்து, எல்லாம் தெரிந்தே சேர்ந்தார். தகுதிகாண் காலத்தை முடித்து அங்கேயே தொடர்கிறார். அந்த வேலை மோசமான வேலை அல்ல. தவறான ஆளைத் தேடிப் போகும்படி அதன் விளம்பரம் எழுதப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் வார இறுதியும் முகவரின் உழைப்பும் நிறுவனத்தின் நேர்முக நேரமும் அதனால் வீணாயின.

அந்தப் பெண்ணுக்குச் சில மாதங்கள் கழித்துக் கண்டியிலுள்ள சிறு நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. அந்த விளம்பரத்தில் அடிப்படைச் சம்பளம் 75,000 முதல் 95,000 வரை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் என்று முதல் வரியிலேயே இருந்தது. 80,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். அலுவலக நாட்களில் பேராதனையில் தங்குகிறார், மற்ற நாட்களில் ஹட்டன் நகரில் உறவினர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அவர் விரும்பிய ரியாக்ட் வேலை அங்கே குறைவு, பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட பழைய முறைமைகளைப் பராமரிப்பதுதான் அதிகம். அது அவருக்கு ஏமாற்றமே. ஆனால் அதுவும் விளம்பரத்தில் எழுதப்பட்டிருந்தது, தெரிந்தே போனார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி வந்தது. வேலை செய்யும் இடம், வேலை நேரம், அடிப்படைச் சம்பளத்தின் வீச்சு, பொண்ட் உண்டா இல்லையா ஆகிய நான்கும் இல்லாத விளம்பரத்தை நாங்கள் பகிர்வதில்லை. விடுபட்டிருந்தால் முகவருக்கு ஒரு பக்கப் படிவம் அனுப்புகிறோம். நிரப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள், பதிலே தராதவர்களும் இருக்கிறார்கள். இங்கே சொல்லப்பட்ட முகவர் இப்போது கேட்காமலே அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். அந்த நிறுவனத்தின் விளம்பரமோ வேறு முகவர்கள் வழியாக இன்றும் பழைய வடிவிலேயே வந்துகொண்டிருக்கிறது.

விதிக்கு விலையும் உண்டு. குழுவில் வரும் விளம்பரங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. வேலை தேடிக் களைத்த ஒருவருக்கு, விவரம் குறைந்த விளம்பரமும் ஒரு வாய்ப்புதான் என்று சில பெற்றோர் எங்களிடம் வந்து முறையிட்டார்கள். அவர்களிடம் பிடிவாதம் காட்டாமல் ஒரு நடுவழியை ஏற்றுக்கொண்டோம். விவரமில்லாத விளம்பரத்தைக் கேட்பவருக்குத் தனியாகக் கொடுக்கிறோம், ஆனால் என்னென்ன சொல்லப்படவில்லை என்ற பட்டியலோடு கொடுக்கிறோம்.

கேள்விக் கடிதம் இனி வீட்டிலிருந்து செய்து அனுப்பும் தேர்வுக்கு முன்பே போக வேண்டும் என்பது உறுதி. ஒரு வார இறுதியின் உழைப்பைக் கொடுத்துவிட்டவர், அதை வீணாக்க மனமில்லாமல் அடுத்தடுத்த நிபந்தனைகளுக்கு இணங்கிப் போவதைப் பலரிடம் பார்க்கிறோம். முந்தைய சம்பளத்தைக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் மாணவர்களுக்குப் பயிற்றுவிக்கிறோம்: பொய் சொல்ல வேண்டாம், அந்த எண்ணைக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இந்தப் பதவிக்கு ஒதுக்கப்பட்ட வீச்சு எவ்வளவு என்று திருப்பிக் கேட்கலாம். இதே கண்டிப்பு எங்கள் பக்கத்துக்கும் உண்டு. ஒரு மாதம் பார்த்த தொழில்நுட்பத்தை இரண்டு வருட அனுபவமாக எழுதும் சுயவிவரங்களை நாங்கள் திருத்தாமல் அனுப்புவதில்லை. இணைய இணைப்பு எத்தகையது என்பதையும் சுயவிவரத்திலேயே குறிப்பிடச் சொல்கிறோம்.

பொண்ட் விடயத்தில் எங்களிடம் இன்னும் நல்ல வழிமுறை இல்லை. அதைப் படித்து விளக்கக்கூடிய சட்டத்தரணி ஒருவரை மாதம் ஒரு முறையாவது நிலையத்துக்கு வரவழைக்க முயன்றுவருகிறோம். அது கைகூடும்வரை, பொண்ட் உள்ள எந்த நியமனக் கடிதத்திலும் அன்றே கையெழுத்திட வேண்டாம், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பின் கையெழுத்திடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.